வாளியில் ஒரு மாதம்

"மாட்டிக்கினாண்டா!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இப்படி ஒரு கூச்சல் வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் திருடன் என்றுதான் நினைத்தேன். அந்த லைன் வீட்டுக்கு நான் குடிவந்து மூன்றே நாள். கையிலிருந்த தோசைக் கரண்டியோடு அப்படியே ஓடினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருத்தி நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் குப்புறப் படுத்திருந்தாள். மூக்குக்கு நேரே ஒரு வெள்ளை பேசின். அதில் கொஞ்சம் தண்ணீர். கையில் டார்ச்.

"எங்கக்கா அவன்?" என்றேன்.

"இந்தா பாரு, ஓரத்துல. ஓடப் பாக்குறான்."

நானும் மண்டியிட்டுப் பார்த்தேன். கண்ணிமை மயிர் அளவுக்கு ஒரு புழு வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

"இவனா?"

"இவனேதான். ஒம்பது நாளா பாசிக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருந்தான். ஓசி சவாரி! இன்னிக்கு வசமா மாட்டினான்."

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை. எழுந்து உட்கார்ந்தவள் அப்போதுதான் என்னை முழுசாகப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். "நீ புதுசா வந்த ஸ்டோர்ஸு பொண்ணுதான? போ, தோசை கருகப் போவுது" என்றாள். கருகித்தான் போயிருந்தது.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் ஃபேக்டரியில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனி எங்களுடையது. வெளியிலிருந்து வருகிற சரக்கை எல்லாம் சோதித்து உள்ளே விடுவது அவள் வேலை. இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன். அதனால் அவள் பெயரே 'இன்கமிங்' ஆகிவிட்டது. நான் அடுத்த அறையில், ஸ்டோர்ஸில். அவள் விட்டால்தான் என் ராக்கில் சரக்கு ஏறும். அவள் லேசில் விட மாட்டாள்.

சரக்கு வந்ததும் முதலில் மஞ்சள் டேக் கட்டுவாள். நிறுத்தி வைத்திருக்கிறது, யாரும் தொடாதே என்று அர்த்தம். பார்த்து முடித்தால் பச்சை. தேறாவிட்டால் சிவப்பு. எல்லா ஃபேக்டரியிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அந்த மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகிற நேரத்தை அவளைப் போல அனுபவித்தவர்களை நான் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு அது வேலை. அவளுக்கு வேட்டை.

ஒரு தடவை நெல்லூர் பக்கத்திலிருந்து ஒரு லாரி போல்ட்டு வந்து இறங்கியது. டிரைவர் கையெழுத்துக்காகத் தவித்துக்கொண்டிருந்தார். "சைன் போட்டுடும்மா, எளாவூர் செக்போஸ்ட்ல வண்டிங்க லைன் கட்டி நிக்குது, நான் எப்போ ஊடு போய்ச் சேர்றது?" என்று பத்துத் தடவை சொல்லியிருப்பார். அவள் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு போல்ட்டுகளை விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு நிமிசம் நைனா. உன் பெட்டியில எவனோ ஒருத்தன் டிக்கெட் வாங்காம வந்துகீறான்."

"போல்ட்டுக்கு இன்னாம்மா டிக்கெட்டு?"

அவள் கை நின்றது. மெல்ல வெளியே வந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு போல்ட்டு. பார்வைக்கு மற்றதைப் போலவே இருந்தது. மரையை வைத்துப் பார்த்தால் வேறு ரகம். "மாட்டிக்கினாண்டா!" என்று அவள் போட்ட சத்தத்தில் கேன்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கள் வரை எட்டிப் பார்த்தார்கள். டிரைவரே தன் பேஜாரை மறந்து கைதட்டிவிட்டார். அவள் சந்தோஷம் அப்படித் தொற்றிக்கொள்ளும்.

வீட்டிலும் இதே கதைதான். கீரை வாங்கினால் ஒவ்வொரு தண்டாகத் திருப்பி நத்தை தேடுவாள். உறவுக்காரர்கள் கொடுத்த அரிசி வராந்தாவில் பத்து நாள் மூடி வைக்கப்பட்டு, வண்டு இல்லை என்று தெரிந்தபின்தான் சமையலறைக்குள் போகும். அவள் வீட்டுக்காரருக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட்டு வேலை. அதிகம் பேசாத மனுஷன். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடி என்னை எங்கயும் ஒரு மாசம் வாளியில போட்டு வெக்காம வுட்டாளே, அதுவே பெரிய விசயம்மா."

வாளி என்று அவர் சொன்னது சும்மா இல்லை. அவர்கள் முன்னறையின் ஒரு சுவர் முழுக்க ஒரு கண்ணாடித் தொட்டி. நாலடி நீளம். உள்ளே உப்புத் தண்ணீர். அதில் இரண்டே இரண்டு கோமாளி மீன்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. நகத்தளவு குஞ்சுகளாகக் கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வாங்கி வந்து வளர்த்த ஜோடி. பெரியது பெண், சின்னது ஆண். தொட்டியின் ஒரு ஓரத்தைக் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பிரித்து, அதற்குள் கடற்பாசி வளர்த்தாள். பச்சை நூலைச் சிக்கலாக்கிப் போட்டது போல ஒரு பந்து. அதற்குத் தனியாக ஒரு விளக்கு வேறு.

"மீனுக்கு சரி, பாசிக்கு எதுக்கு லைட்டு?" என்று கேட்டேன்.

"அடியே, மீனு போற அழுக்கெல்லாம் தண்ணியிலதான கீது. அத யாரு துன்றது? பாசிதான் துன்னும். பாசி கொழுத்தா தண்ணி சுத்தம். தண்ணி சுத்தம்னா மீனு சந்தோசம். ஆனா பாசி தனியா வராது பாரு, அங்கதான் கீது விசயமே!" என்று கண்ணை உருட்டினாள்.

பாசி தனியாக வராது. அதன் சிக்கலுக்குள் புழு இருக்கும், நத்தை முட்டை இருக்கும், கடுகளவு நண்டு இருக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது ஒரு கண்ணாடிப் பூ. பூ என்றால் பூ இல்லை, அதுவும் ஒரு உயிர்தான். அவளுடைய முதல் தொட்டியை அழித்ததே அதுதான். அப்போது இந்தச் சோதனை எல்லாம் தெரியாமல் வாங்கி வந்த பாசியை நேராக உள்ளே போட்டிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து ஒரு கல்லின் மேல் கம்மல் திருகாணி அளவில் அழகாக ஒரு பூ. ஐயோ அழகு என்று அக்கம்பக்கத்தை எல்லாம் கூட்டிக் காட்டியிருக்கிறாள். இரண்டு மாதத்தில் கல், கண்ணாடி, குழாய் என்று எங்கு பார்த்தாலும் பூ. பிய்த்துப் போட்டால் பிய்த்த துண்டெல்லாம் ஒவ்வொரு பூவாக முளைத்தது. அதன் கொடுக்குப் பட்டு மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. இந்தக் கதையை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் கடைசி மீனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் வாளிகள் வந்தன. ஒரே மாதிரி வெள்ளைப் பெயின்ட் வாளிகள் மூன்று, தேய்த்துத் தேய்த்துக் கழுவியவை. பாசி வந்ததும் முதலில் அதே உப்பளவுள்ள தண்ணீரில் முக்கி உதறுவாள். சாதாரண உதறல் இல்லை, ஜமுக்காளத்தை உதறுகிற உதறல். விழுகிறதெல்லாம் வெள்ளை பேசினில் விழும், டார்ச்சில் தெரியும். பிறகு நல்ல தண்ணீரில் ஒரு முக்கு, பத்து எண்ணுவதற்குள் வெளியே. நல்ல தண்ணீர் பட்டால் கடல் ஜந்துகள் மூச்சு முட்டிப் பிடியை விட்டுவிடும். பத்துக்கு மேல் எண்ணினால் பாசியே செத்துவிடும். அதன்பின் ஒரு மாதம் வாளியில். காற்றுக் குழாய், விளக்கு எல்லாம் உண்டு. வாளியின் காதில் மஞ்சள் டேக், அதில் வந்த தேதி. ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை உதறல். உதறினால் ஒன்றுமே விழாத நிலை வந்து, ஒரு மாதமும் முடிந்தால்தான் பச்சை.

பிடிபட்டவர்களை அவள் கொன்றதில்லை. சமையல் மேடையில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. சிவப்பு டேக். புழு, நத்தை, குட்டி நண்டு எல்லாம் அதில் குடித்தனம் நடத்தின. தினமும் அவைகளுக்கும் நாஷ்டா போடுவாள். "உள்ள வுட மாட்டேன், அதுக்காக ரோட்டுல வுட முடியுமா?" என்பாள்.

ஒரு தடவை பழவேற்காட்டுக்குப் பாசி எடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பொன்னேரி போய் அங்கிருந்து இன்னொரு பஸ். ஏரியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகு கட்டுகிற கம்பங்களில் சுற்றியிருந்த பாசியை உருவினாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, "இன்னாமா, மாட்டுக்கா?" என்று கேட்டார். "இல்லம்மா, மீனுக்கு." "மீனு இங்க கீதே, வாங்கிக்கினு போயேன். பாசியப் போயி எவனாவது எடுப்பானா?" என்று அவர் சிரித்த சிரிப்பு எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் காலுக்கு நடுவில் வாளி. பள்ளத்தில் விழும்போதெல்லாம் எங்கள் மேல் உப்புத் தண்ணீர். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"வாளியில இன்னாமா? நண்டா?"

"அது எனக்கே தெரியாதுங்க. ஊட்டுக்குப் போய் உதறினாத்தான் தெரியும்" என்றாள் இவள், பரிசுப் பெட்டியை மடியில் வைத்திருப்பவள் போல. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அந்த வாளிப் பாசியில்தான் வினை வந்தது. வினையைச் செய்தது நான்.

ஆயுத பூஜை வந்தது. எங்களைப் போல ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு அது தீபாவளியைவிடப் பெரிய நாள். மெஷினைக் கழுவி, தரையைக் கழுவி, ஸ்பானர்வரைக்கும் துடைத்துப் பொட்டு வைத்து, கடலை பொரி தின்று, கை ஓய்கிற நாள். கழுவுகிற வெறி அன்று வீட்டுக்கும் வந்துவிடும். அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், வீட்டில் பூஜை கிடையாது. விடுமுறைக்கு வீட்டுக்காரரோடு ஆரணியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகும்போது, மீனுக்குத் தீனி போடச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள்.

தீனி போட்டேன். சும்மா வந்திருக்கலாம். வாளிகளைப் பார்த்தேன். வெளிப்பக்கமெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. நம்மை நம்பிச் சாவி கொடுத்திருக்கிறாள், பூஜை இல்லாவிட்டால் என்ன, சாமானையாவது பளிச்சென்று ஆக்கி வைப்போம் என்று ஆசை பொங்கியது. பாசி இருந்த வாளிகள் இரண்டு. ஒன்றில் மஞ்சள் டேக், பழவேற்காட்டுப் பாசி, வந்து ஒன்பதே நாள். இன்னொன்றில் பச்சை டேக், ஒரு மாதம் முடித்துத் தொட்டிக்குள் போகத் தயாராக இருந்த பழைய பாசி. அட்டை நனைந்துவிடுமே என்று டேக்குகளை அவிழ்த்து வைத்தேன். வாளிகளை நகர்த்தி, வெளிப்பக்கம் தேய்த்துத் துடைத்தேன். குங்குமம் வைக்கலாமா என்று யோசித்து, வேதக்கார வாளியாயிற்றே என்று விட்டுவிட்டேன். பிறகு டேக்குகளைத் திரும்பக் கட்டினேன். பச்சை இடது பக்கம்தானே இருந்தது? இடதுதான். ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது, போய்விட்டது. கதவைப் பூட்டிக்கொண்டு பொரி தின்னப் போனேன்.

மறுநாள் அவள் வந்தாள். வாளி பளபளப்பதைப் பார்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். பச்சை டேக் தொங்கிய வாளியிலிருந்து பாசியை எடுத்து, ஒரு உதறல் உதறித் தொட்டியில் போட்டாள். மற்றவர் கட்டிய டேக்கை அவள் என்றைக்கும் நம்பியதில்லை. தன் டேக்கை நம்பினாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஷிஃப்ட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் தெருவில் ஓடி வந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு.

"முட்டை வெச்சிருச்சிடி! முட்டை!"

அன்று நாங்கள் பஸ்ஸைத் தவறவிட்டோம். தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த டைல்ஸ் துண்டின் மேல், கேசரித் துணுக்குகள் போல ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. பெண் மீன் காவல். ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. நாலு வருஷமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். ஒரு வாரம். அடுத்த திங்கள் சாயங்காலம் பொரிக்கும் என்று அவள் கணக்கு. பொரிக்கிற அன்று டைல்ஸைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் குஞ்சுகள் மிஞ்சாது. அதற்கு முன்னால் எடுக்கவும் கூடாது. அப்பன் விசிறாவிட்டால் முட்டை அழுகிவிடும்.

வியாழக்கிழமை திட்டின் ஒரு மூலை காணவில்லை. யாரோ கத்தரியால் வெட்டியெடுத்தது போல இருந்தது. ஆண் மீனின் வால் கிழிந்திருந்தது. அவள் டார்ச்சை அடித்துக்கொண்டு தொட்டியின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கல் இடுக்கில் இரண்டு குச்சிக் கண்கள்.

"நண்டு" என்றாள். "பழவேற்காட்டு நண்டு. எப்பிடிடி? அந்தப் பாசி இன்னும் வாளியிலதான கீது?"

 இடது பக்கம், வலது பக்கம், பொரி, பளபளப்பு எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அதானே, எப்பிடி?" என்று நானும் சேர்ந்து ஆச்சரியப்பட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

கல்லைக் கிளறி நண்டைப் பிடிக்க முடியாது. தொட்டியைக் கலைத்தால் பயந்துபோன ஜோடி தன் முட்டையைத் தானே தின்றுவிடும். வெள்ளி, சனி இரண்டு நாளும் காலையில் பார்க்கும்போது திட்டு இன்னும் சுருங்கியிருந்தது. நண்டு இருட்டில்தான் வரும். அவள் வீட்டுக்காரருக்கு அந்த வாரம் பகல் ஷிஃப்ட்டு, ஒத்தாசை செய்ய நான்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"ராத்திரி வரைக்கும் என்னால தாங்காது. வா, இப்பவே ராத்திரி பண்ணிடலாம்."

ஜன்னலுக்கு அட்டைப் பெட்டி, அதன் மேல் கம்பளி. கதவிடுக்கில் புடவை. ஓட்டின் ஓட்டைக்கு மாவு உருண்டை. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கும்மிருட்டு. மீனுக்குச் சத்தம் கூடாது என்று ஃபேனையும் நிறுத்திவிட்டாள். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றினோம், சிவப்பு வெளிச்சம் நண்டுக்குத் தெரியாதாம். தண்ணீர் பாட்டிலின் தலையை அறுத்துத் திருப்பிச் செருகி, உள்ளே ஒரு துண்டு இறால் வைத்து, டைல்ஸுக்கு ஒரு சாண் தள்ளித் தொட்டியில் படுக்க வைத்தாள். உள்ளே போகலாம், வெளியே வர வழி தெரியாது.

உட்கார்ந்தோம். வியர்வை முதுகில் ஓடியது. எனக்குத் தும்மல் வந்தது. அவள் என் மூக்கைப் பிடித்துவிட்டாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கல்லிடுக்கிலிருந்து ஒரு கால். இன்னொரு கால். பிறகு முழு ஆள். ஒரு ரூபாய்க் காசு அளவுதான். அந்த உடம்புக்கு அந்தக் கொடுக்கு ரொம்ப அதிகம்.

அது பாட்டில் பக்கம் திரும்பவே இல்லை. நேராக டைல்ஸைப் பார்த்து நடந்தது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. நண்டு டைல்ஸின் விளிம்பில் கால் வைத்தது. அப்போது கிழிந்த வாலோடு அந்த ஆண் மீன், விசிறிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுப் பாய்ந்து முட்டியது. நண்டு மல்லாந்து மணலில் விழுந்தது. "அப்பிடிப் போடு ராஜா!" என்று அவள் காற்றுக் குரலில் கத்தினாள். நண்டு எழுந்தது. கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மறுபடியும் டைல்ஸா, இல்லை இறாலா? நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அவள் பங்குக்கு மாதாவைக் கூப்பிட்டாள். எங்கள் இரண்டு பேர் சாமியில் யார் கேட்டார்களோ, நண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். பாட்டில் வாயில் ஒரு கால் வைத்தது. யோசித்தது. வழுக்கி உள்ளே விழுந்தது.

அவள் பாட்டிலைத் தூக்கிய வேகத்தில் என் மேல் அரை வாளித் தண்ணீர். அந்தக் கூச்சலுக்கு லைன் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். கம்பளியைப் பிய்த்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. "இத்தினிக்கூண்டு நண்டுக்கா இவ்ளோ அலம்பல்? குடு, ரசத்துல போட்டுர்லாம்" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவள் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு ஜாடியில் கொண்டுபோய் விட்டாள். எங்கள் மேல் வந்த அத்தனை கோபத்தோடு அது அங்கே போய் உட்கார்ந்தது.

கூட்டம் போனதும் அவள் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கோடு போட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஃபேக்டரியில் தப்பு நடந்தால் இதுதான் சடங்கு. ஏன் என்று ஐந்து தடவை கேட்டு ஐந்து பதில் எழுத வேண்டும். ஐந்தாவது பதிலில்தான் வேர் இருக்கும் என்பார்கள்.

"தொட்டியில நண்டு வந்துச்சு. ஏன்?"

"பாசியில வந்துச்சு" என்றேன்.

"பாசியில ஏன் இருந்துச்சு?"

"ஒரு மாசம் முடியல."

"முடியாத பாசிய நான் ஏன் உள்ள போட்டேன்?"

"பச்சை டேக் இருந்துச்சு."

"அந்த வாளிக்குப் பச்சை டேக் எப்பிடிடி போச்சு?"

தரையில் இன்னும் தண்ணீர் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன். ஆயுத பூஜை, உப்பு, இடது பக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிவிட்டது. "நான்தான். வியாழக்கெழமையே தெரியும். பயந்துகினு சொல்லல. உன் முட்டை பாதி போனது என்னாலதான்."

அவள் எழுந்து போய் ஒரு டேக்கைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "இந்த முடிச்சப் பாரு. பூ கட்டற முடிச்சு. எனக்குப் பூ கட்டத் தெரியாது. நானும் வியாழக்கெழமையே பாத்துட்டேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீ ஒத்துக்குவ, அதுல இன்னா கீது? நீயா வரியான்னு பாத்துக்கினு இருந்தேன்."

மூன்று நாளாக என்னை மஞ்சள் டேக்கில் போட்டு வைத்திருக்கிறாள், பாவி.

பேனாவை எடுத்தாள். என் பெயரை எழுதப்போகிறாள் என்று நினைத்தேன். 'டேக் அவிழ்க்கிற மாதிரி இருந்தது' என்று எழுதினாள். "ஆளு பேரை எழுதினா அங்கயே நின்னுபூடும். அஞ்சாவது ஏன் வராது" என்றாள். அன்று மாலையே பெயின்ட் வாங்கி வந்து வாளிகளிலேயே மஞ்சள், பச்சை என்று நிறம் பூசினோம். பூசும்போது அவள் வாய் ஓயாமல் என்னைக் கிண்டல் செய்தாள். "ஏ வேதக்கார வாளி, இந்தப் பொண்ணுகிட்ட ஜாக்கிரதையா இரு" என்று வாளிக்கு வேறு புத்திமதி சொன்னாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

திங்கட்கிழமை ஷிஃப்ட்டு முடிந்து ஓடி வந்தோம். மிச்சமிருந்த திட்டு வெள்ளிப் பொட்டுகளாக மின்னியது. முட்டைக்குள் கண் வந்துவிட்டது என்றாள். தனித் தொட்டி தயார். அதே தண்ணீர், அதே சூடு, காற்றுக் குழாய். டைல்ஸை எடுத்து அதில் வைப்பதுதான் பாக்கி. அந்தத் தொட்டிக்குள் அவள் கையைத் தவிர வேறொரு கை போய் நான் பார்த்ததில்லை. அவள் வீட்டுக்காரர் கைகூட. அவள் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து தொட்டி முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"இன்னாமே?"

அவள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.  "நாலு வருசம்டி. என்னால முடியாது. நீ எடு."

"நானா? வேணாம்மே. நான் போயி மறுபடி..."

"உன் கைதான் இன்னிக்கு ரொம்ப ஜாக்கிரதையா இருக்கும். எடு."

கழுவினேன். தொட்டிக்குள் கையை விட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. டைல்ஸை விரலால் தொட்டதுதான் தாமதம், அந்தப் பெண் மீன் வந்து கடித்தது. ஒரு கடி இல்லை. கட்டைவிரல், உள்ளங்கை, விரலிடுக்கு என்று மாற்றி மாற்றி. இத்தனை சின்ன வாயில் இத்தனை ஆங்காரமா!

"கடிச்சா கடிக்கட்டும்! வுட்டுராத! நேரா! சாய்க்காத!" என்று அவள் குதித்தாள்.

விடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். தண்ணீரோடு தண்ணீராகக் கிண்ணத்தில் வாங்கி, தனித் தொட்டியில் இறக்கினேன். அருகில் பார்க்கும்போது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள். அத்தனை கண்களும் என்னையே பார்த்தன.  

விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். வெளியே டிவி சத்தம், யார் வீட்டிலோ குக்கர் விசில். கொஞ்ச நேரம் கழித்து அவள் டார்ச்சை ஒரு ஓரமாக அடித்தாள். டைல்ஸ் காலி. வெளிச்சத்துக்குள் தூசி போல ஏதோ மிதந்தது. மிதக்கவில்லை, நீந்தியது. ஒவ்வொன்றும் தன் வழியில் துடித்துத் துடித்து வெளிச்சத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"வந்துட்டாங்கடி" என்றாள் அவள், விருந்தாளிகளைச் சொல்வது போல மரியாதையாக.  கடிபட்ட என் விரலை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. விடச் சொல்லவில்லை.